வெயிலாச்சி கோழியும் மூணு திருடனும்

கண்ண மூடிக்கிட்டுத்தான் கேக்கணும், தேனு. நடுநடுவுல "ம்" கொட்டணும். கொட்டாட்டி கதை அங்கயே காலை நீட்டிப் படுத்துரும், எழுப்பினாலும் எந்திரிக்காது. சரியா?

ம்.

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அவ பேரு வெயிலாச்சி. பேருக்கேத்த ஊருலதான் பொறந்தா. சாத்தூருக்குத் தெக்க, கரிசக்காடு. சித்திரை மாசம் மத்தியானம் அந்தக் காட்டுல காக்கா கூடத் தரையில கால் வைக்க யோசிக்கும்.

அவளக் கட்டிக்கிட்டுப் போனவன் பேரு சங்கிலி. அவன் ஊரு எதுங்கிற? மலைக்கு மேல ஒரு மலை, அந்த மலைக்கு மேல ஒரு மலை, அங்க வெண்பாறைன்னு ஒரு ஊரு. தொழில் என்னன்னா, கம்பளி விக்கிறது. எங்க வந்து வித்தாங்கிற? கரிசக்காட்டுல! அக்கினி நட்சத்திரத்துல! "கம்பளியோ கம்பளி"ன்னு வேர்க்க விறுவிறுக்கக் கத்திக்கிட்டு வந்தான். சிரிக்காத, அவனுக்கு அவ்வளவுதான் விவரம். வெயிலாச்சியோட அப்பா அவனுக்கு மோர் கொடுத்து உக்கார வச்சாரு. இப்படி ஒரு வெள்ளந்தி மனுசன் பொண்ணக் கண்கலங்காம வச்சுக்குவான்னு அவளையே கட்டிக் கொடுத்துட்டாரு.

அப்புறம் சீர் கொடுத்தாங்க. அண்டா, குண்டா, பாய், தலைகாணி. அதோட ஒரு பஞ்சாரம் கோழி. பஞ்சாரம்னா கோழியக் கவுத்து மூடுற மூங்கில் கூடை. உள்ள யாரு யாரு இருந்தா? செவலைக் கோழி ஒண்ணு, புள்ளிக் கோழி ஒண்ணு, சாம்பக் கோழி ஒண்ணு, அப்புறம் ஒரு சேவல். சேவலுக்குப் பேரு துரை. அதோட நடையப் பாத்து வச்ச பேரு. தரையெல்லாம் தனக்குத்தான் எழுதி வச்சிருக்குன்னு நினைப்பு அதுக்கு.

வெயிலாச்சி அதுகள முட்டையிலருந்து பாத்தவ. அடை வச்சதும் அவதான், குஞ்சுக்குக் கம்பு நொறுக்கிப் போட்டதும் அவதான். புது ஊர்ல அவளுக்குன்னு இருந்த சொந்தம் அந்தப் பஞ்சாரம் மட்டும்தான்னு வச்சுக்கோயேன். தூங்கிட்டியா?

ம்... ம்.

வெண்பாறையில கோடை நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒருநாள் காலையில பாத்தா, ஊரே கத்தி தீட்டுது. சர்ரக், சர்ரக், சர்ரக். வீட்டுக்கு வீடு சத்தம். வெயிலாச்சிக்கு ஒண்ணும் புரியல. "என்னங்க, பண்டிகையா?"ன்னா.

சங்கிலி தலையச் சொறிஞ்சான். "இன்னிக்குக் கூடு கவுக்குற நாளு"ன்னான்.

அப்படின்னா என்னன்னா, அந்த ஊர்ல வருசா வருசம் பனி விழும். நம்ம மார்கழிப் பனி இல்ல. ஐஸ் பெட்டிக்குள்ள வெள்ளையாப் படிஞ்சு கிடக்குமே, நீ நகத்தால சுரண்டித் திங்குறியே, அது வானத்துலருந்து விழும். முழங்கால் உசரத்துக்கு, சில நாள் இடுப்பு உசரத்துக்கு. அந்தப் பனியில கோழி பொழைக்காதுன்னு ஊருக்கே முடிவு. அதனால பனி விழறதுக்கு முன்னாடியே எல்லாக் கோழியையும் அறுத்துக் குழம்பு வச்சிருவாங்க. அப்புறம் காலிக் கூட்டக் கவுத்துப் போட்ருவாங்க. வசந்தம் வந்ததும் அடிவாரத்துல போய்ப் புதுக் கோழி வாங்கியாருவாங்க. தாத்தன் பூட்டன் காலத்துலருந்து அப்படித்தான்.

வெயிலாச்சியோட மாமியா பேரு மாகாளி. பேரக் கேட்டாலே பயமா இருக்குல்ல? ஆளும் அப்படித்தான். அவ கையில கத்தியோட பஞ்சாரத்துக்கிட்ட வந்தா. வெயிலாச்சி என்ன பண்ணினா தெரியுமா? ஓடிப்போய்ப் பஞ்சாரத்து மேல ஏறி உக்காந்துக்கிட்டா!

"எந்திரிடி."

"மாட்டேன் அத்தை."

"எப்படியும் சாகப்போறதுதானே. குழம்புக்காவது ஆகட்டும்."

"சாக விடமாட்டேன் அத்தை. நான் காப்பாத்துறேன்."

தெருவே கூடி நின்னு சிரிச்சுது. மாகாளி மட்டும் சிரிக்கல. "ஏட்டி, இந்த மலையில மூணு திருடன் இருக்கானுக. எங்க பாட்டிமாரும் கோழியக் காப்பாத்தப் பாத்தவுகதான். பெரியவன் ஊளையிட்டுக்கிட்டு வருவான். நடுலவன் சத்தமே காட்டாம வருவான். அவனுக ரெண்டு பேரையும் எப்படியாவது தடுத்துப்புடலாம். மூணாமவன் வர்றத யாரும் பாத்ததே இல்ல. பூட்டின கூட்டுக்குள்ள பூந்து, பூட்டு பூட்டினபடி இருக்க, கோழிய வெறச்சுப் போட்டுட்டுப் போயிருவான். அவன உன்னால என்னடி பண்ண முடியும்?"

"தெரியல அத்தை. ஆனா பாக்குறேன்."

மாகாளி கத்திய இடுப்புல சொருகிக்கிட்டுச் சொன்னா, "சரி. ஓடை உருகுற வரைக்கும் உனக்குத் தவணை. அதுக்குள்ள ஒரு கோழி வெறச்சு விழுந்தாலும் மிச்சத்த எல்லாம் அன்னிக்கே அறுத்துருவேன். கொஞ்சங் கொஞ்சமா வதைபட்டுச் சாக நான் விடமாட்டேன். சம்மதமா?"

வெயிலாச்சிக்கு அந்த மூணாமவன் யாருன்னே தெரியாது. இருந்தாலும் "சம்மதம்"னுட்டா.

சங்கிலி அவள ஓரமாக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னான். "அம்மா பேசுறத மனசுல வச்சுக்காத. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாது."

"கோழிய அறுத்தா சாகுமேங்க"ன்னா அவ.

ம்.

அப்போ வெயிலாச்சி சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு வேலைய ஆரம்பிச்சா. வீட்டுக்குப் பின்னாடி கோழி உலாத்த ஒரு பட்டி கட்டினா. பட்டின்னா வேலி போட்ட அடைப்பு. நாலு பக்கமும் கம்பு நட்டு, குச்சி பின்னி, மேல வலையக் கட்டி, வலை மேல புல்லப் பரப்பினா. பட்டிக்குள்ள ஒரு மூலையில கோழி அடையறதுக்கு மண்ணுச் சுவரும் தனிக் கூரையும் வச்சு ஒரு கூடு. கூட்டுக்குள்ள கோழி உக்கார ஒரு குச்சி கட்டினா. அப்புறம் நின்னு யோசிச்சா. ஒல்லிக் குச்சியில உக்காந்தா விரல் வெளிய தெரியுமே, வெறச்சுப் போகுமே? குச்சியக் கழட்டிட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகையப் போட்டா. இப்போ கோழி உக்காந்தா வயித்து இறகு பொத்துன்னு கால் விரல மூடிக்கும். எவ்வளவு மூளை பாரு அவளுக்கு! பனியவே பாக்காதவ, கோழியோட கால் விரலுக்கு யோசிச்சிருக்கா.

ஆனா பாரு, அவ்வளவு மூளைக்காரி முதல் நாளே ஒரு கூத்துப் பண்ணினா. நம்ம ஊர்ல பொழுது விடிஞ்சதும் என்ன செய்வோம்? வாசல் தெளிப்போம்ல? அவளுக்குக் கை சும்மா இருக்கல. பட்டி வாசலும் வாசல்தானேன்னு, ஒரு வாளித் தண்ணிய எடுத்து சளார் சளார்னு தெளிச்சா. தெளிச்சுட்டுக் கோலமாவு எடுக்க உள்ள போனா. வந்து பாத்தா, தெளிச்ச தண்ணி எல்லாம் கண்ணாடியா இறுகிக் கிடக்கு! அந்த நேரம் பாத்துத் துரை கூட்ட விட்டு நெஞ்ச நிமித்திக்கிட்டு வெளிய வந்துச்சு. ஒரு கால வச்சுது. சர்ர்ர்ர்ர்ர்... தொபீர்! வழுக்கிக்கிட்டே போய் அந்தப் பக்க வேலியில முட்டிக்கிட்டு நின்னுச்சு. கோழிக மூணும் வாசல்ல நின்னு "கொக்? கொக்கொக்?"ன்னு விசாரிக்குது. துரை எந்திரிச்சு, இறகை உதறி, அதுக்காகத்தான் போனேங்கிற மாதிரி வேலிய ரெண்டு கொத்து கொத்துச்சு.

பக்கத்து வீட்டுக்காரி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. வெயிலாச்சியும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அடுப்புச் சாம்பல அள்ளியாந்து ஐஸ் மேல தூவினா, அதுக்கு மேல வைக்கோலப் பரப்பினா. அப்புறம் அவ வாசல் தெளிக்கவே இல்ல. சாமி கோவிச்சுக்காதுன்னு அவளே சொல்லிக்கிட்டா.

அப்புறம் முதல் திருடன் வந்தான். அவன் யாரு? காத்து. ஊஊஊஊன்னு ஊளையிட்டுக்கிட்டு வடக்கு மலையிலருந்து இறங்கினான். குச்சி வேலியெல்லாம் அவனுக்கு ஒரு வேலியா? இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போனான். போற போக்குல கோழி இறகை எல்லாம் தலைகீழாத் திருப்பிட்டுப் போனான். இறகுக்குள்ள இருக்குற கதகதப்புதான் கோழிக்குச் சட்டை. சட்டையக் கழட்டினா சும்மா விடுமா குளிரு? மூணு கோழியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெடவெடன்னு நடுங்குச்சு. துரை கத்தக் கூட இல்ல.

வெயிலாச்சி வீட்ல இருந்த சாக்கை எல்லாம் எடுத்தா. கோணி ஊசி எடுத்தா. விரலெல்லாம் வெறைக்குது, ஊசி பிடிக்க முடியல. வாயில ஊதி ஊதி விரலச் சூடாக்கித் தைச்சா. சரக், சரக், சரக். வடக்குப் பக்கமும் மேக்குப் பக்கமும் மேலருந்து கீழ வரைக்கும் சாக்கு. அடியில காத்து பூந்துறக் கூடாதுன்னு கல்ல வச்சு அமுக்கினா. தெக்குப் பக்கத்த மட்டும் விட்டுட்டா, வெயிலு வரணும்ல. இருக்குற துளி வெயிலையும் மறைச்சா அது அடுக்குமா?

காத்து வந்தான். ஊஊஊ. சாக்குல முட்டினான். டப், டப், டப். திரும்பவும் முட்டினான். அப்புறம் வெறும் கையோட போயிட்டான். துரை அன்னிக்குப் போட்டுச்சு பாரு ஒரு கூவல்! கொக்கரக்கோஓஓ! ஊர்ல எல்லாரும் கம்பளியிலருந்து தலைய நீட்டினாங்க. அந்த ஊர்ல பனிக்காலத்துல சேவல் கூவி யாரும் கேட்டதே இல்ல.

ம். அப்புறம்?

அப்புறமா? முழிச்சுக்கிட்டுதான் இருக்கியா, கள்ளி! அப்புறம் ரெண்டாவது திருடன் வந்தான். அவன் பனி. சத்தமே இல்ல. பூ மாதிரி விழுந்தான். "அட, எவ்வளவு அழகா இருக்கு"ன்னு வெயிலாச்சியே கையை நீட்டிப் பிடிச்சுப் பாத்தா. அப்படித்தான் ஏமாத்துவான் அவன். பட்டிக்கு மேல சமதளமா வலை கட்டி வச்சிருந்தாள்ல, அது மேல உக்காந்தான். ஒண்ணு உக்காந்தான். ஒம்பது உக்காந்தான். ஊருக்கே உள்ள பனியெல்லாம் அது மேலதான் உக்காந்துச்சு. கம்பு முனகுச்சு. கிறீச். வெயிலாச்சி அடுப்படியில இருந்தவ காதைத் தீட்டினா. கிறீஈஈச். எந்திரிச்சு ஓடினா. வாசல் தாண்டல, அதுக்குள்ள மடார்!

கூரை மொத்தமும் பட்டிக்குள்ள கிடக்கு. கோழி ஒண்ணையும் காணோம்.

வெயிலாச்சி பனியில முழங்கால் போட்டு விழுந்து ரெண்டு கையாலயும் தோண்டினா. "ப்பா ப்பா ப்பா ப்பா"ன்னு கூப்பிட்டா, தீனி போடக் கூப்பிடுவாளே, அப்படி. சத்தமே இல்ல. கண்ணுல தண்ணி வருது, வந்த தண்ணி கன்னத்துலயே உறையுது. சங்கிலியும் ஓடியாந்து தோண்டினான். அப்போ எங்கயோ மெல்லமா ஒரு "கொக்." கூட்டுக்குள்ளருந்து! புத்திசாலிக் கோழிக, கம்பு முனகுனப்பவே வெளிய வராம கூட்டுக்குள்ள போய்ப் பலகை மேல உக்காந்துக்கிச்சு. நாலும் இருந்துச்சு. வெயிலாச்சி அதுகள ஒவ்வொண்ணாத் தொட்டுத் தொட்டுப் பாத்தா. நிசந்தானான்னு திரும்பவும் தொட்டுப் பாத்தா.

மாகாளி வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. "எதுவும் விழுந்துச்சா?"ன்னா.

"கூரைதான் அத்தை விழுந்துச்சு. கோழி விழல."

அப்புறம் அவ பட்டிக் கூரைய வேற மாதிரி போட்டா. தொடை மொத்தத்துல மரத்த வெட்டியாரச் சொல்லி நட்டா. நடுவுல உசத்தி, ரெண்டு பக்கமும் நல்லாச் சரிச்சு இறக்கினா. குடிசைக் கூரை பாத்திருக்கல்ல, மழைத் தண்ணி வழிஞ்சு ஓடுமே, பனிக்கும் அதே பாடம்தான். பனி வந்து உக்காந்தான். வழுக்கிச்சு. சளக். திரும்ப ஏறினான். சளக்... தொப். எத்தனை தடவை உக்காந்தாலும் சறுக்கிச் சறுக்கிக் கீழ விழுந்தான். கோழிக பனி மேல கால் வைக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதுக்கும் தினம் பாதை ஒதுக்கி வைக்கோல் போட்டா. மகாராணி வந்தா விரிப்பாங்கள்ல, அப்படி. துரை அது மேலதான் நடக்கும். குடிக்கிற தண்ணி உறைஞ்சு போச்சுன்னா, சுடுதண்ணி கலந்து கொண்டாந்து வைப்பா. குளிருல வெறச்சுக் கருகிரக் கூடாதுன்னு கொண்டைக்கு எண்ணெய் தடவ ஆத்தா வீட்டுத் தேங்காயெண்ணெயத் தொறந்தா, அது கல்லா இருக்கு. சுரண்டி எடுத்து உள்ளங்கையில தேச்சு உருக்கித் தடவினா. சொல்றப்பவே எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோணுது. பெத்த பிள்ளைக்குக் கூட இத்தன பாடு யாரு படுறா?

ம்.

இனிமேதான் கதையே இருக்கு.

ரெண்டு திருடனையும் விரட்டிட்டாள்ல, இப்போ மூணாமவன் பயம். எந்தப் பக்கமா வருவான்? எந்தச் சந்துல நுழைவான்? தெரியல. அதனால ஒரு சந்தும் விடக் கூடாதுன்னு முடிவு பண்ணினா. சாணியும் மண்ணும் குழைச்சுக் கூட்டுச் சுவத்துல இருந்த வெடிப்பெல்லாம் பூசினா. கூரைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடம் இருந்துச்சு, அதுல துணியத் திணிச்சு மேல மெழுகினா. கதவுச் சந்துல பஞ்சு வச்சா. நம்ம ஊர்ல பிள்ளைக்குச் சளி பிடிச்சா கதவு சன்னல் எல்லாம் அடைச்சு, தலையோட காலாப் போத்தி விடுவோமே, அதே பாசம். எறும்பு பூந்துக்க ஓட்டை கிடையாது. "இனிமே எந்தத் திருடன் வாரான்னு பாக்குறேன்"னா.

விடிஞ்சு வந்து கதவத் தொறந்தா, குப்புன்னு ஒரு நெடி. கண்ணெல்லாம் எரியுது. உள்ள சுவரெல்லாம் ஈரம், கூரையெல்லாம் ஈரம், அந்த ஈரத்து மேல வெள்ளையாப் பனி பூத்திருக்கு. வைக்கோல் நசநசங்குது. கோழி இறகு நனைஞ்சு ஒட்டிக் கிடக்கு. செவலைக் கோழியோட கொண்டை நுனி கன்னங்கரேல்னு இருக்கு. பலகையில நிக்க முடியாம அது ஆடுச்சு, ஆடி... பொத்துன்னு கீழ விழுந்துருச்சு.

பின்னாடியே மாகாளி நின்னா. "விழுந்துச்சா?"ன்னா.

வெயிலாச்சி செவலைய வாரி எடுத்து மார்போட அணைச்சுக்கிட்டா. காத வச்சுக் கேட்டா. "இல்ல அத்தை. மூச்சு இருக்கு."

மாகாளி கோழியப் பாத்தா. மருமகளப் பாத்தா. "மூணாமவன் வந்துட்டான்டி. நாளைக் காலையில வர்றேன்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அவ குரல்ல கோவம் இல்ல. அதுதான் வெயிலாச்சிக்கு இன்னும் பயமா இருந்துச்சு.

அடுப்படியில போய்ச் செவலைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்தா. கோழிக்குக் கதகதப்பு வேணுமேன்னு, ஒரு கம்பளிய எடுத்துத் தன் தலையோட சேத்து ரெண்டு பேரையும் மூடிக்கிட்டா. உள்ள இருட்டு. "எந்த வழியாடா வந்தான்? ஒரு வழியும் விடலையே நான்"னு கோழிக்கிட்டக் கேட்டு அழுதா. ரொம்ப நேரம் அப்படியே இருந்தா. அப்புறம் முகத்துல ஏதோ ஈரமாப் பட்டுச்சு. கண்ணீருன்னு துடைச்சா. இல்ல, கம்பளியே நனைஞ்சிருக்கு. வாய்க்கு நேரா இருந்த இடம் சொதசொதன்னு நனைஞ்சிருக்கு. யாரு தண்ணி ஊத்துனா? யாரும் ஊத்தல. அவ விட்ட மூச்சுதான்!

வெயிலாச்சி அப்படியே உக்காந்துட்டா. அவளுக்குப் புரிஞ்சு போச்சு. நாலு கோழி ராத்திரி முழுக்க விட்ட மூச்சு. அது போட்ட எச்சத்து ஈரம். போக வழி இல்ல. சுவத்துல ஏறி, கூரையில ஏறி, திரும்பக் கோழி மேலயே சொட்டி, அதையே நனைச்சு, நனைஞ்சத வெறைக்க வச்சு... மூணாமவன் எந்த வழியாவும் உள்ள வரல, தேனு. அவன் உள்ளதான் இருந்தான். வெளிய போகத்தான் அவனுக்கு வழி இல்லாமப் போச்சு. அந்த வழிய அடைச்சது யாரு? பாசமா அடைச்சது யாரு?

ம்...

இப்போ அவ என்ன பண்ணினான்னு கேளு. வேற ஒருத்தியா இருந்தா உக்காந்து அழுதிருப்பா. இல்லாட்டி, இத்தனை பாடுபட்டுப் பூசினது தப்புன்னு ஒத்துக்க மனசு வராம இன்னும் ரெண்டு கம்பளியக் கொண்டுபோய் மூடியிருப்பா. வெயிலாச்சி கடப்பாரைய எடுத்தா! பட்டப்பகல்ல, ஊரு பாக்க, தான் பூசின சுவத்துல தானே இடிச்சா. நங்! நங்! நங்! கோழி உக்கார்ற பலகைக்கு நேரா இல்ல, அதுக்கும் நல்லா மேல, கூரைக்குக் கீழ, காத்து அடிக்காத பக்கமா. திணிச்ச துணியெல்லாம் பிடுங்கி எறிஞ்சா.

ஊரு ஓடியாந்துச்சு. "பைத்தியம் பிடிச்சிருச்சு இவளுக்கு! நல்ல பனியில சுவத்துல ஓட்டை போடுறாளே!"

மாகாளி கையப் பிடிச்சா. "ஏட்டி, குளிர வெத்தல பாக்கு வச்சு உள்ள கூப்பிடுறியா?"

"இல்ல அத்தை. திருடன வெளிய அனுப்புறேன்."

"குளிருல செத்துரும்டி!"

"குளிரு ஒண்ணும் பண்ணாது அத்தை. அதுக்குத்தான் இறகு இருக்கே. ஈரம்தான் கொல்லுது. இறகு நனைஞ்சா அப்புறம் அதுக்கு என்ன இருக்கு?"

மாகாளி பிடிச்ச கைய விடல. வெயிலாச்சியும் கடப்பாரைய விடல. "அத்தை, நாளைக்குக் காலையில வாங்க. தப்பா இருந்தா நானே உங்ககிட்டப் பிடிச்சுக் கொடுக்குறேன்"னா. அத அவ எப்படித்தான் சொன்னாளோ, அந்த வாயும் அந்த மனசும் எனக்கு வராதும்மா. மாகாளி கைய விட்டுட்டா.

கையகலத்துக்கு ஒரு ஓட்டை. ஈர வைக்கோல வாரிக் கொட்டிட்டு, உலந்த வைக்கோலும் சருகுமா முழங்கால் ஆழத்துக்குப் போட்டா. நனைஞ்ச கோழிகள ஒவ்வொண்ணா அடுப்புக்கிட்ட உக்கார வச்சுத் துடைச்சு, இறகு உலந்ததும் கொண்டுபோய்ப் பலகையில விட்டா. செவலையையும் விட்டா.

மறுநாள் காலையில ஊரே பட்டி முன்னாடி நிக்குது. மாகாளி முன்னாடி நிக்குறா. வெயிலாச்சி கதவுல கை வச்சா. தொறந்தா.

நெடி இல்ல. சுவர் உலந்து கிடக்கு. மேல இருந்த ஓட்டை வழியா மெல்லிசா ஆவி வெளிய போய்க்கிட்டு இருக்கு. புஸ்... புஸ்... மூணாமவன் மூட்டையக் கட்டிக்கிட்டுப் போறான்! துரை இறங்குச்சு. புள்ளி இறங்குச்சு. சாம்பல் இறங்குச்சு. செவலையக் காணோம்.

எல்லாரும் கூட்டுக்குள்ள எட்டிப் பாத்தாங்க. பலகையோட அந்தக் கடைசியில பந்து மாதிரி புஸ்ஸுன்னு உப்பி ஒண்ணு உக்காந்திருக்கு. கழுத்து எங்க, தலை எங்கன்னே தெரியல. அப்புறம் இறகுக்குள்ளருந்து ஒரு தலை மெல்ல வந்துச்சு. கொண்டை நுனி கறுத்துத்தான் இருந்துச்சு, ஆனா கண்ணு பளிச்சுன்னு இருந்துச்சு. "இத்தன பேருக்கு இங்க என்ன வேலை?"ங்கிற மாதிரி பாத்துச்சு. தொப்புன்னு குதிச்சு, நேரா வந்து வெயிலாச்சி கால் விரலக் கொத்துச்சு. தீனி எங்கடின்னு!

வெயிலாச்சி சிரிச்சா. அழுதா. ரெண்டும் சேந்து வந்துச்சு அவளுக்கு.

அப்புறம் பனிக்காலம் போச்சு. ஓடை உருகிச் சலசலன்னு ஓடுச்சு. நாலும் உசுரோட இருந்துச்சு. ஊர்ப் பொம்பளைக எல்லாரும் வந்து தூணத் தொட்டுப் பாத்தாங்க, சாக்கைத் தூக்கிப் பாத்தாங்க, "நான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னாங்க. சிரிச்சாங்களே, அதே வாயிதான்.

மாகாளி மட்டும் எல்லாரும் போனதுக்கு அப்புறம் தனியா வந்து கூட்டுக்கு முன்னாடி நின்னா. கைய உசத்தி அந்த ஓட்டைக்குள்ள விட்டா. கையகலம்தான் இருந்துச்சு. கைய விட்டபடியே நின்னா. அப்புறம் அந்த மாகாளி, ஊரே பயப்படுற மாகாளி, ஏங்கி ஏங்கி அழ ஆரம்பிச்சா.

"அத்தை, என்ன அத்தை?"ன்னு ஓடியாந்தா வெயிலாச்சி.

"மணிக்கால்"னா மாகாளி. "கிளிமூக்கி. தவிட்டுச்சி. சின்னக்கண்ணு." ஒண்ணொண்ணா என்னமோ பேரு சொல்லிக்கிட்டே போறா. வெயிலாச்சிக்குப் புரியல. "யாரு அத்தை இவுகளெல்லாம்?"

"நான் அறுத்த கோழிகடி. வருசா வருசம் யாருக்கும் தெரியாம ஒண்ணுக்குப் பேரு வைப்பேன். இந்த வருசம் இத எப்படியாவது வச்சிருந்துருவோம்னு நினைப்பேன். கூடு கவுக்குற நாளு வந்துரும். நானே அறுத்துருவேன். வேற யாரும் அறுத்தா வலிக்கும்னு நானே அறுப்பேன். அத்தனையும் இந்தக் கையகல ஓட்டைக்குத்தானாடி? இத யாரும் எனக்குச் சொல்லலையேடி..."

வெயிலாச்சி குனிஞ்சு செவலைய எடுத்தா. மாகாளி கையில கொண்டாந்து வச்சா. "இதுக்கு நான் பேரே வைக்கல அத்தை. செவலைன்னு சும்மாதான் கூப்பிடுறேன். நீங்க வைங்க"ன்னா.

மாகாளி கண்ணத் துடைச்சுக்கிட்டா. கோழியத் தடவினா. யாரும் கேட்டுறக் கூடாதுங்கிற மாதிரி சுத்தியும் பாத்தா, வழக்கம்ல. அப்புறம் திடீர்னு என்ன நினைச்சாளோ, தலைய நிமித்தி, மலையெல்லாம் கேக்குற மாதிரி சத்தமாக் கூப்பிட்டா:

"ஏ தங்கப்பொண்ணூஊஊ!"

செவலை திரும்பிப் பாத்துச்சு.

அவ்வளவுதான் தேனு. கோழி அடைஞ்சாச்சு, கதையும் அடைஞ்சாச்சு. நீயும் இறகை மூடிக்கோ. ம் கொட்ட வேண்டாம், தூங்கு.